உறவு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள்

(சொத்து, உயில், ஜாமீன், சிறு தொழில், கடன் ஆகியவை குறித்துத் திருவாலங்காட்டில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பத்திரம், சாட்சி, ஜாமீன் என்று பேசுவதற்குத் திருவாலங்காட்டைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1905ஆம் ஆண்டில் இங்கே சோழ முத்திரையுள்ள வளையத்தில் கோத்த 31 செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக விட்ட ஆவணம் அது. வரலாற்று ஆசிரியர்கள் அதில் சோழர் வமிசாவளியைப் படிக்கிறார்கள். வழக்கறிஞனாகிய நான் அதில் ஒரு பத்திரம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதைப் படிக்கிறேன்.

அரசன் வாய் திறந்தாலே சட்டம் என்றிருந்த காலம். அப்படியும் அவன் சொன்னதை ஓலையில் எழுதினார்கள். எழுதியதை அதிகாரிகள் பலர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வரிக் கணக்கில் ஏற்றினார்கள். நாட்டார் கூடி, பெண் யானையை முன்னே நடத்தி, ஊர் எல்லையைச் சுற்றி வந்தார்கள். எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நட்டார்கள். அதற்குப் பிறகுதான் செம்பில் வெட்டினார்கள். மன்னன் கடவுளுக்குக் கொடுத்த சொத்துக்கே இத்தனை எழுத்து, இத்தனை சாட்சி, இத்தனை அளவை. நாமோ அண்ணன் தம்பிக்குள் ஒரு ஏக்கரைப் பிரிக்கும்போது, “நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்?” என்று கேட்கிறோம்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். எழுத வேண்டிய நாள், உறவு நன்றாக இருக்கும் நாள். சண்டை வந்த பிறகு எழுதப்படுவது வக்கீல் நோட்டீஸ். நன்றாக இருக்கும்போது எழுதப்படுவதுதான் பத்திரம்.

முதலில் நிலம். வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “பட்டா இருக்கா?” பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. அது உரிமையைத் தருவதில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உரிமையைக் காட்டுவது கிரயப் பத்திரமும், அதற்கு முந்தைய பத்திரமும், தாய்ப்பத்திரம் வரை அறுபடாமல் செல்லும் தொடர்ச்சியும்தான். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பணியில் நிலக் கணக்குகளைப் புதிதாக எழுதியபோது, பல இடங்களில் கூட்டுக் குடும்ப நிலம் மூத்தவர் ஒருவர் பெயரில் மட்டும் ஏறிவிட்டது. சில இடங்களில் பரப்பு குறைந்தது. அன்றைய பிழை இன்று பேரப்பிள்ளைகள் கையில் வழக்காக நிற்கிறது. உங்கள் பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் பழைய பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஜமாபந்தியிலோ கோட்டாட்சியரிடமோ இப்போதே மனுக் கொடுங்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே வரும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வெறும் தாளில் போட்ட ஒப்பந்தம் எதுவும் அதில் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆகவே அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், நகல் போதாது. அசல் ஏதோ ஒரு வங்கியின் பெட்டகத்தில் அடமானமாக இருக்கலாம். நிலத்துக்கே போய்ப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் விசாரியுங்கள். சர்வேயரை அழைத்து, புலப்படத்தை வைத்து அளந்து, கல் போடுங்கள். விற்பவருக்கு இல்லாத உரிமை, பதிவு செய்துவிட்டதாலேயே வாங்குபவருக்கு வந்துவிடாது.

இந்தப் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. ஆகவே தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருந்தால், “அது பழசு, விடுங்க” என்று யாராவது சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். தெலுங்கு தெரிந்த ஒருவரைக் கொண்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்கெல்லையும் பங்கு விவரமும் அதில்தான் இருக்கும்.

இரண்டாவது, கோயில் நிலம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேவதானம் கண்ட வட்டாரம் இது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றாலும் அடமானம் வைத்தாலும் செல்லாது. மூன்று தலைமுறையாக உழுகிறோம் என்று காட்டி அந்த நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடவும் முடியாது. காலாவதிச் சட்டம் அங்கே துணைக்கு வராது. குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று வாங்கி, ஆயுள் சேமிப்பை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பவர் பத்திரத்தை மட்டும் நம்பி வாங்குவதும் ஆபத்து. பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தாலும் சொத்து கை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு முடிந்துபோகும்.

அடுத்தது குடும்பம். ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்காகப் போகும். தாயை நாம் மறந்துவிடுகிறோம். மகனை இழந்த அந்த அம்மாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு உள்ள அதே அளவு பங்கு உண்டு.

மகள்களின் உரிமையில் இந்த எல்லைப் பகுதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று ஆந்திரம் 1985 செப்டம்பர் 5 முதல் சட்டம் செய்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் செய்தது. இரண்டிலும் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்குப் பங்கில்லை. 1960 வரை ஒரே மாவட்டத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில், ஆந்திரத்தின் நகரிப் பக்கத்துச் சட்டம் ஒரு தேதியைச் சொன்னது, திருத்தணிப் பக்கத்துச் சட்டம் வேறொரு தேதியைச் சொன்னது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் இந்த வேறுபாட்டையும், மணமானவள் மணமாகாதவள் என்ற பாகுபாட்டையும் நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மீதிச் சந்தேகத்தையும் தீர்த்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் மட்டும் கலையாது.

“கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு” என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. தங்கை உண்மையிலேயே வேண்டாம் என்றால், அவளுக்கு எல்லாம் விளங்கிய பிறகு, பதிவான விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். அது அவளுக்கும் அநீதி. நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் தீராத வழக்கு.

உயில் எழுதுவதை அபசகுனமாக நினைக்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. என் அனுபவத்தில், உயில் எழுதாமல் போனவர் வீட்டில்தான் காரியம் முடிவதற்குள் பேச்சு முற்றுகிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். எழுதுபவர் கையெழுத்திட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் முன்னிலையிலேயே அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப் போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தால், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசி உயில்தான் செல்லும். முஸ்லிம் சகோதரர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டப்படி மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுத வரம்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் நாமினி போட்டுவிட்டோமே, போதாதா என்று கேட்பீர்கள். வங்கிப் பணத்தை நாமினி வாங்கிக்கொள்ளலாம். அதனாலேயே அது அவருடையதாகிவிடாது. வாரிசுகளுக்காக அவர் அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறார். கம்பெனிப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. நாமினியும் போடுங்கள், உயிலும் எழுதுங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் வீண் சச்சரவு இல்லை.

செட்டில்மெண்ட் வேறு. உயில் உங்களுக்குப் பின் வேலை செய்வது. செட்டில்மெண்ட் எழுதிய அன்றே சொத்து போய்விடும். பிள்ளை மேலுள்ள பாசத்தில் இருந்த ஒரே வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, திண்ணையில் இடம் கேட்டு நிற்கும் பெற்றோர் எங்களிடம் வருகிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவர்களுக்குத் துணை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பராமரிக்கத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு எளிது. இல்லாவிட்டால் அதை நிரூபிக்கும் பாரம் முதியவர் தலையில் விழும். எனவே எழுதும்போதே இரண்டு வரிகளைச் சேருங்கள்: ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை எனக்கு, கடைசி வரை என்னைப் பராமரிப்பது உன் கடமை. நல்ல பிள்ளைக்கு அந்த வரிகளால் ஒரு குறையும் இல்லை.

இப்போது ஜாமீன். இதைப் பழையனூர் வேளாளர் எழுபது பேரை நினைக்காமல் பேச முடியாது. நீலி என்ற பேய் கையில் குழந்தையோடு பெண்ணாக வந்து, வழிப்போக்கனான வணிகனைத் தன் கணவன் என்றாள். குழந்தை அவனிடம் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் அவள் சொல்லை நம்பினார்கள். தன்னைக் காக்கும் வாளை வணிகன் விட மறுத்தபோது, “உன் உயிருக்கு எங்கள் உயிர்” என்று வாக்குக் கொடுத்து அதை வாங்கி வைத்தார்கள். விடிந்தபோது அவன் இறந்து கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் தேவாரத்தில் குறிப்பு இருக்குமளவுக்குப் பழமையான செய்தி இது.

அவர்கள் வாக்குத் தவறாததை ஊர் இன்றும் கும்பிடுகிறது, நானும் கும்பிடுகிறேன். ஆனால் அதே கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அவர்கள் ஆராயாமல் ஜாமீன் போட்டார்கள். தோற்றத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். தங்களால் காக்க முடியாத ஒன்றுக்குப் பொறுப்பேற்றார்கள்.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு சொல்கிறது: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். “முதலில் அவரிடம் கேளுங்கள், அவர் தராவிட்டால் என்னிடம் வாருங்கள்” என்று நீங்கள் சொல்ல முடியாது. வங்கி நேரே உங்கள் வாசலுக்கு வரலாம். எனவே மைத்துனருக்கோ நண்பருக்கோ கையெழுத்துப் போடுமுன் உங்களையே கேளுங்கள்: இந்தத் தொகையை நாளைக்கு நானே கட்ட முடியுமா? முடியாதென்றால் போடாதீர்கள். போடுவதென்றால் தொகைக்கு வரம்பு எழுதச் சொல்லுங்கள். வெற்றிடம் விட்ட படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். கட்ட நேர்ந்துவிட்டால், கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் திரும்பப் பெறும் உரிமையும், அவர் வங்கிக்குக் கொடுத்த ஈட்டின் மீதான உரிமையும் உங்களுக்கு வரும். இவை தெரியாமல் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

தொழில் செய்கிறவர்களுக்கு வருகிறேன். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறி ஓடுகிறது. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் இந்த ஊரைச் சுற்றிக் கரும்பு விளைகிறது, லாரி ஓடுகிறது, பட்டறை நடக்கிறது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்கினால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, பதிவு செய்யுங்கள். பதிவில்லாத கூட்டு நிறுவனம் தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வழக்குப் போட முடியாது என்று 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு உங்கள் சொந்த வீடும் பதில் சொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உத்யம் பதிவு இலவசம். யாருக்கும் கட்டணம் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்குக்குக் கூட்டு வட்டி. இது 2006ஆம் ஆண்டின் சட்டம் தந்த உரிமை. பெரிய வியாபாரியிடம் பாக்கி கேட்கத் தயங்கும் தறிக்காரர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை ஈடாகக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தொகையை வேறு யாரோ நிரப்பினாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் உண்டு என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். செக் திரும்பி நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட உங்களுக்கு 15 நாள். அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் வழக்கு நிற்காது.

கடைசியாக, கடன் மீறிப் போனால் என்ன செய்வது? இதில்தான் மனிதர்கள் தனியாக நின்று தவறான முடிவுக்குப் போகிறார்கள். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

வீட்டை அடமானம் வைத்த கடனில் தவணை மூன்று மாதத்துக்குமேல் நின்றால் அது வாராக் கடனாகும். பிறகு வங்கி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பும். அந்த 60 நாளில் எழுத்தில் பதில் கொடுங்கள். வங்கி 15 நாளில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். விவசாய நிலத்தை இந்த நோட்டீஸின் வழியே வங்கி எடுக்க முடியாது. சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

எதுவும் முடியாத நிலையில் இருப்பதுதான் ஐ.பி., நம் ஊர்ப் பேச்சில் மஞ்சள் நோட்டீஸ். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் போன்றவர்களுக்கு இன்னும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். மனுப் போட்டதுமே கடன் தீர்ந்தது என்று நினைப்பது தவறு. நீதிமன்றம் உங்களை நொடித்தவர் என்று அறிவிக்க வேண்டும்; உங்கள் சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும்; பிறகு குறித்த காலத்துக்குள் கடனிலிருந்து விடுவிக்கும்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் உத்தரவே ரத்தாகும், கடன்காரர்கள் திரும்ப வருவார்கள். மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் மனைவி பேருக்கோ மச்சான் பேருக்கோ சும்மா எழுதி வைத்த சொத்தை நீதிமன்றம் திரும்ப இழுக்கலாம். வீட்டு அடமானம் அப்படியே இருக்கும். உங்களுக்கு ஜாமீன் போட்டவரும் தப்ப முடியாது. நீங்கள் விடுபட்டாலும் அவர் பொறுப்பு தொடரும்.

இத்தனை கடுமைக்கு நடுவிலும் சட்டம் சிலவற்றைத் தொட மறுக்கிறது. கடன் தீர்ப்புக்காக ஜப்தி செய்ய வந்தாலும் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைவினைஞரின் கருவி, விவசாயியின் ஏர்க்கருவியும் அவர் குடியிருக்கும் வீடும் விலக்கு. பணக் கடனுக்காகப் பெண்ணைச் சிறை வைக்க முடியாது. ஆண் என்றாலும், கொடுக்க வழியில்லை என்பதற்காக மட்டும் சிறை வைக்கக் கூடாது என்று 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். தந்தை வாங்கிய கடனைத் தந்தை என்ற காரணத்துக்காகவே மகன் கட்ட வேண்டும் என்ற பழைய விதியும் 2005 திருத்தத்தோடு போயிற்று. தந்தையிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. கந்து வட்டி, மீட்டர் வட்டிக்குத் தடை 2003 முதலே இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர். போலீசில் எழுதிக் கொடுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் வருமானம் எதுவானாலும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் கேட்கலாம். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடியும் வழக்கில் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும், அதன்மேல் அப்பீலும் இல்லை.

கடன் ஒருவரை வெட்கப்பட வைக்கிறது. வெட்கம் அவரைப் பேசவிடாமல் செய்கிறது. பேசாமல் போன மாதங்களில்தான் நோட்டீஸ்களின் கெடு முடிகிறது, வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஆகவே கடனை மனைவியிடம் மறைக்காதீர்கள். பத்திரம் இருக்கும் இடத்தை மகளிடம் மறைக்காதீர்கள். இந்த வாரம் ஒரு மாலையில் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து, என்ன சொத்து, என்ன கடன், யாருக்கு ஜாமீன், எது யாருக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் உயிலாக வேண்டியது எது, பத்திரமாக வேண்டியது எது என்று சொல்ல என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். அந்தத் தாளை எழுதும் மனம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.